24 கார்கள் ஓடின... 24-வதாக வந்தார்! நரேன் கார்த்திகேயனின் 'கடைசி வரிசை' சீஸன்

2011 ஜூன் 26. ஸ்பெயின் நாட்டின் வாலென்ஸியா. துறைமுகத்தை ஒட்டிய தெருக்களையே டிராக்காக மாற்றி, ஐரோப்பிய கிராண்ட் பிரீ பந்தயம் நடக்கிறது. சுட்டெரிக்கும் வெயில். அன்றைக்கு ஃபார்முலா ஒன்னில் அபூர்வமான ஒன்று நடந்தது. புறப்பட்ட 24 கார்களும் கடைசிவரை ஓடி முடித்தன. இன்ஜின் புகைந்து நின்றது ஒன்றுகூட இல்லை. சுவரில் முட்டி நின்றதும் ஒன்றுகூட இல்லை.

வழக்கமாக ஒரு பந்தயத்தில் நாலைந்து கார்களாவது பாதியில் படுத்துவிடும். அதனால் மிக மெதுவான கார்கூட 18, 19 என்று ஏதாவது ஓர் இடத்தில் முடித்துவிடும். வாலென்ஸியாவில் யாருமே நிற்காததால், ஒருவர் 24-வது இடத்தில் முடித்தே ஆகவேண்டும். முடித்தார். ஃபார்முலா ஒன் பந்தயத்தை முடித்தவர்களிலேயே மிகக் கடைசி இடம் என்ற சாதனை அன்று முதல் அவர் பெயரில் இருக்கிறது. அவர் நம்ம கோயம்புத்தூர்க்காரர். நரேன் கார்த்திகேயன்!

கூகுளில் தேடினால் இதைக் கிண்டலடிக்கும் பதிவுகள் நிறையவே கிடைக்கும். ஆனால், அந்த 24-வது இடத்துக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று தேடப் போனால், கிண்டல் பண்ண மனசு வராது.

இப்போது எதற்கு இந்தக் கதை? காரணம் இருக்கிறது. 2025 ஜனவரியில் அஜித்குமாரின் டீம் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததிலிருந்து, ரேஸ் என்றால் என்னவென்றே கேட்காத வீடுகளில்கூட 'டிராக்', 'லேப்', 'பிட் ஸ்டாப்' எல்லாம் புழங்க ஆரம்பித்துவிட்டன. இன்னொரு பக்கம், 2026 சீஸனுக்கு ஃபார்முலா ஒன்னில் கேடிலாக் என்ற புது டீம் வருகிறது. புது டீம் என்ன செய்தது தெரியுமா? இளம் புயல் யாரையும் தேடவில்லை. செர்ஜியோ பெரெஸ், வால்ட்டேரி போட்டாஸ் என்று 35 வயதைத் தாண்டிய இரண்டு அனுபவசாலிகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தது. புது டீமுக்குப் பழைய கை தேவை. இது இந்த விளையாட்டில் காலங்காலமாக நடப்பது. அப்படி 2011-ல் ஒரு குட்டி டீமுக்குப் போன பழைய கைதான் நரேன்.

நம்ம ஏரியாவின் ரேஸ் கதை

திருவள்ளூர் ரயில் நிலையத்தை ஒட்டிய மணவாள நகரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் சாலையைப் பிடித்தால், ஷிஃப்ட் வேன்களோடும் கன்டெய்னர் லாரிகளோடும் மல்லுக்கட்டி இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விடலாம். ரேஸ் ரசிகர்களுக்குத் தெரியும், அங்கேதான் 3.717 கிலோமீட்டர் நீளமுள்ள டிராக் இருக்கிறது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கட்டியது. 1990-ல் திறக்கப்பட்டது. நரேன் தன் பதின்ம வயதில் ஃபார்முலா மாருதி காரில் முதல் பந்தயம் ஓட்டியதும், முதல் பந்தயத்திலேயே முதல் மூவரில் ஒருவராக மேடை ஏறியதும் இந்த டிராக்கில்தான்.

இதற்கும் முந்தைய கதை வடக்கே, கும்மிடிப்பூண்டி போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது. செங்குன்றம் தாண்டியதும் வரும் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போடப்பட்ட விமான ஓடுதளம் அங்கே கிடந்தது. அந்த ஓடுதளத்தில்தான் 1950-களிலிருந்து பல பத்தாண்டுகள் கார், பைக் பந்தயங்கள் நடந்தன. விஜய் மல்லையா பழைய ஃபார்முலா ஒன் காரான 'என்ஸைன்' ஒன்றைக் கொண்டுவந்து ஓட்டியதும் சோழவரத்தில்தான். இந்தப் பக்கத்துப் பெரியவர்களிடம் சோழவரம் ரேஸ் என்று வாயெடுத்துப் பாருங்கள், அரை மணி நேரம் உங்களை விடமாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். திருவள்ளூர் அருகே அதிகத்தூரில் இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலை. 1998-லிருந்து மிட்சுபிஷி லான்ஸர் கார்கள் தயாரானது அங்கேதான். ராலி பிரியர்களுக்கு லான்ஸர் என்றால் அது ஒரு கார் மட்டுமில்லை, குலதெய்வம் மாதிரி! ஆக, கார் பந்தயம் இந்த மாவட்டத்துக்கு எங்கிருந்தோ வந்த விருந்தாளி அல்ல.

கோவைப் பக்கம் வந்தால், நரேனின் அப்பா ஜி.ஆர்.கார்த்திகேயன் தேசிய ராலி சாம்பியனாக இருந்தவர். உறவினர் எஸ்.கரிவரதன் இன்னும் ஒரு படி மேல். மாருதி 800 இன்ஜினை வைத்து, ஒற்றை இருக்கை கொண்ட, சக்கரங்கள் வெளியே தெரியும் பந்தய கார்களைக் கோவையிலேயே செய்தவர் அவர். அதுதான் ஃபார்முலா மாருதி. ரேஸ் கார் என்றாலே வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரவேண்டும் என்றிருந்த காலத்தில், வீட்டுக்கு வீடு நின்ற மாருதி 800-ன் இதயத்தை எடுத்து ரேஸ் கார் செய்தார் மனிதர். 1995-ல் சிறிய விமானம் ஒன்று விழுந்த விபத்தில் இறந்துபோனார். கோவை செட்டிபாளையத்தில் உள்ள 'கரி மோட்டார் ஸ்பீடுவே' அவர் பெயரில்தான் இயங்குகிறது.

முதல் இன்னிங்ஸ்

1977 ஜனவரி 14, பொங்கல் நேரத்தில் பிறந்த நரேனின் ஆரம்ப வருடங்களை வேகமாகக் கடந்துவிடலாம். பிரான்ஸில் பந்தயப் பள்ளி. இங்கிலாந்தில் ஃபார்முலா ஃபோர்டு. 1996-ல் ஃபார்முலா ஏசியா சாம்பியன். பிறகு பிரிட்டிஷ் ஃபார்முலா த்ரீ. 2001 ஜூனில் ஜாகுவார் டீமின் ஃபார்முலா ஒன் காரை சில்வர்ஸ்டோனில் ஓட்டிப் பார்த்த முதல் இந்தியர்.

2005-ல் ஜோர்டான் டீமில் இடம் கிடைத்தது. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர். மெல்போர்னில் முதல் பந்தயம், 15-வது இடம். அதே வருடம் ஜூன் 19-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் டயர் பிரச்னையால் 14 கார்கள் பந்தயத்தைத் தொடங்காமலேயே விலகிக்கொள்ள, ஆறே ஆறு கார்கள் ஓடின. நரேன் நான்காவது. 5 புள்ளிகள். ஃபார்முலா ஒன்னில் புள்ளி எடுத்த முதல் இந்தியரும் அவர்தான்.

"ஆறு பேர் ஓடின ரேஸ்ல நாலாவதா?" என்று அப்போதும் கிண்டல் செய்தார்கள். நரேனின் ராசி அப்படி. அவர் சாதித்த எதற்கும் கூடவே ஒரு 'ஆனால்' ஒட்டிக்கொண்டு வரும்.

அந்த ஒரு சீஸனோடு கதவு மூடியது. அடுத்து வில்லியம்ஸ் டீமில் சோதனை ஓட்டுநர் வேலை. ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் வேறு ஒருவர் ஓட்டுவார், இவர் சோதனை ஓட்டம் மட்டும் ஓட்டுவார். பிறகு ஏ1 ஜிபி தொடரில் இந்திய டீமுக்காக ஓட்டி, 2007 டிசம்பரில் சீனாவின் ஜுஹாயில் வென்றார். 2009-ல் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்துக்குப் போய், ஓட்டுவதற்கு முன்பே தோள்பட்டை விலகி, காரில் ஏற முடியாமல் போனது. 2010-ல் அமெரிக்கா போய் நாஸ்கர் டிரக் பந்தயம் ஓட்டினார். கோவைக்காரர் ஒருவர் வர்ஜீனியா மாநிலத்தின் மார்ட்டின்ஸ்வில் டிராக்கில் டிரக் ஓட்டிக்கொண்டிருந்தார்! எந்தக் கதவு திறக்கும் என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்த வருடங்கள் அவை. 2010-ல் பத்மஸ்ரீ விருதும் வந்தது. விருது வந்தால் இனி விளையாட்டு முடிந்தது என்று அர்த்தமோ என்று நினைக்கத் தோன்றும். அவர் அப்படி நினைக்கவில்லை.

சுங்கத்தில் சிக்கிய டீம்

2011 ஜனவரி முதல் வாரத்தில் ட்விட்டரில் செய்தி சொன்னார். மீண்டும் ஃபார்முலா ஒன். டீமின் பெயர் ஹிஸ்பானியா ரேஸிங், சுருக்கமாக ஹெச்.ஆர்.டி. ஸ்பெயின் நாட்டு டீம். பிறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. 2010-ல் அந்த டீம் தொடங்கியபோது முதல் டிரைவர்களில் ஒருவராக இருந்தவர் சென்னைக்காரர் கருண் சந்தோக். பஹ்ரைனில் அந்த முதல் பந்தயத்துக்கு வந்தபோது, கருணின் கார் தகுதிச் சுற்றுக்கு முன்பு ஒரு மீட்டர்கூட ஓடியதில்லை. தகுதிச் சுற்றுதான் அதன் சோதனை ஓட்டமும். பத்துப் பந்தயங்களுக்குப் பிறகு கருணின் சீட்டும் போனது.

இந்த டீமுக்குப் போகிறோம் என்று தெரிந்தேதான் நரேன் போனார். அப்போது வயது 34.

பணமும் ஒரு விஷயம். நரேனுக்குப் பின்னால் டாடா குழுமம் இருந்தது. காரில் டாடா பெயர் இருந்தது. 'காசு கொடுத்து சீட்டு வாங்கியவர்' என்று அப்போதே எழுதினார்கள். என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஃபார்முலா ஒன்னின் கடைசி வரிசை டீம்களில் ஸ்பான்ஸர் இல்லாமல் ஒருவர் உட்காருவதே அபூர்வம். அது இந்தியருக்கு மட்டும் இருந்த விதி அல்ல. ஐரோப்பியருக்குப் பின்னால் பணம் இருந்தால் 'ஆதரவு', நம்மவருக்கு இருந்தால் 'விலைக்கு வாங்கியது' என்பது எனக்குப் புரியாத கணக்கு. அதே நேரம், பணம் இல்லாமல் அந்த சீட்டு கிடைத்திருக்காது என்பதும் நிஜம்.

அவர் விட்டுவிட்டு வந்த ஃபார்முலா ஒன் வேறு, திரும்பிப் போன ஃபார்முலா ஒன் வேறு. 2005-ல் 3 லிட்டர், 10 சிலிண்டர் இன்ஜின். 2011-ல் 2.4 லிட்டர், 8 சிலிண்டர். அன்று வரிப் பள்ளம் போட்ட டயர், இன்று வழவழ டயர். அன்று நடுவில் நிறுத்திப் பெட்ரோல் நிரப்புவார்கள். 2010 முதல் அது தடை, முழுப் பந்தயத்துக்கான எரிபொருளையும் ஆரம்பத்திலேயே சுமந்துகொண்டு ஓட வேண்டும். டயர் கம்பெனியும் மாறி பிரெல்லி வந்துவிட்டது. நேர்ச்சாலையில் பின் இறக்கையைத் திறந்து வேகம் கூட்டும் டி.ஆர்.எஸ். வசதி அந்த வருடம்தான் அறிமுகம். பிரேக் போடும்போது வீணாகும் சக்தியைச் சேமித்துத் திரும்பக் கொடுக்கும் 'கெர்ஸ்' கருவி பெரிய டீம்களிடம் இருந்தது. ஹிஸ்பானியாவிடம் இல்லை.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தால் மெஷினைத் தொட்டுப் பழக நாலு நாளாவது வேண்டும். இங்கே அதுவும் இல்லை. சீஸனுக்கு முந்தைய சோதனை ஓட்டங்களில் முந்தைய வருடத்து காரைத்தான் ஓட்ட முடிந்தது. புதிய காரை பார்சிலோனாவில் நடந்த கடைசி சோதனையில் ஓட்டுவதாகத் திட்டம். ஓடவில்லை. காரணம் என்ன தெரியுமா? காரின் ஷாக் அப்ஸார்பர்கள் சுங்கத்தில் சிக்கிக்கொண்டன! உதிரி பாகம் துறைமுகத்தில் கிடக்க, இங்கே புரொடக்‌ஷன் நிற்கும் அவஸ்தை கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்ப்பவர்களுக்குப் புதிதல்ல. உலகின் மிக ஆடம்பரமான விளையாட்டிலும் அதே கதைதான்.

இன்ஜின் காஸ்வொர்த்திடமிருந்து. கியர் பாக்ஸ் வில்லியம்ஸிடமிருந்து. முன் இறக்கையின் புது வடிவம் மோதல் சோதனையில் தேறவில்லை என்பதால் பழைய இறக்கையையே மாட்டிக்கொண்டு ஆஸ்திரேலியா போனார்கள்.

நூற்றி ஏழு

மெல்போர்ன், மார்ச் 2011. வெள்ளிக்கிழமைப் பயிற்சி நாள் முழுக்க மற்ற டீம்கள் ஓட்டிக்கொண்டிருக்க, ஹிஸ்பானியாவின் கூடாரத்தில் மெக்கானிக்குகள் காரைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். நரேன் அன்று ஒரு முழுச் சுற்றின் நேரத்தைக்கூடப் பதிவு செய்யவில்லை. சனிக்கிழமை நேராகத் தகுதிச் சுற்று.

அந்த வருடம் பழைய விதி ஒன்றைத் திரும்பக் கொண்டு வந்திருந்தார்கள். 107 சதவிகித விதி. ரொம்ப சுலபமான கணக்குதான். முதல் கட்டத் தகுதிச் சுற்றில் மிக வேகமானவர் 100 விநாடியில் ஒரு சுற்றை முடித்தால், நீங்கள் 107 விநாடிக்குள் முடித்தாக வேண்டும். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போகலாம். மெல்போர்னில் அந்த எல்லை 1 நிமிடம் 31.266 விநாடி. நரேன் எடுத்த நேரம் 1 நிமிடம் 34.293 விநாடி. அவருடைய சக டிரைவர் லியுஸியும் எல்லைக்குள் வரவில்லை. ஆறு வருடம் காத்திருந்து திரும்பி வந்தவர், முதல் பந்தயத்தைப் பார்வையாளராகத்தான் பார்த்தார்.

இரண்டு வாரம் கழித்து மலேசியா. இந்த முறை எல்லையைத் தாண்டினார்கள். அந்தச் சின்ன இடைவெளியில் காரை ஓரளவுக்கு ஒழுங்குபடுத்தியிருந்ததே பெரிய விஷயம். பந்தயத்தில் இன்ஜின் சூடாகி, 14 சுற்றுகளோடு நரேன் நிறுத்த வேண்டியதாயிற்று. சீனாவில் 23-வது. துருக்கியில் 21. ஸ்பெயினில் 21. மொனாக்கோவில் தகுதிச் சுற்றில் நேரமே பதிய முடியாமல், நடுவர்களின் சிறப்பு அனுமதியோடு புறப்பட்டு 17-வது.

'கார் மெதுவாகத்தானே போகிறது, அப்போ ஓட்டுவது சுலபம்தானே?' என்று தோன்றலாம். உல்டா! ஃபார்முலா ஒன் கார் வளைவில் சாலையைக் கவ்விப் பிடிப்பது, காற்று அதைக் கீழே அழுத்துவதால். அந்த அழுத்தம் குறைந்த கார் வளைவுகளில் வழுக்கும். வழுக்கினால் டயர் சீக்கிரம் தேயும். மெதுவாகப் போனால் டயர் தேவையான சூட்டுக்கு வராது. சூடு இல்லாவிட்டால் பிடி இல்லை. பிடி இல்லாவிட்டால் இன்னும் மெதுவாகப் போக வேண்டும். பிரேக் பாயின்ட்டில் ஓர் இம்மி தவறினால் சுவர்.

இதோடு கண்ணாடி வேலை. முன்னால் ஓடுபவர்கள் ஒரு சுற்று கூடுதலாக ஓடி, பின்னாலிருந்து வந்து தொடும்போது நீலக் கொடி காட்டுவார்கள். வழிவிட வேண்டும். தொடர்ந்து மூன்று நீலக் கொடிகளை மதிக்காவிட்டால் தண்டனை. வழிவிட ஒதுங்கினால், டிராக்கின் ஓரத்தில் மற்ற கார்களின் டயரிலிருந்து உதிர்ந்த ரப்பர் துகள்கள் மணல் மாதிரி கிடக்கும். அதன்மேல் ஏறினால் உங்கள் டயரில் ஒட்டிக்கொள்ளும். மறுபடி பிடி போகும். ஒரு பந்தயத்தில் இரண்டு, மூன்று முறை இப்படி மொத்த வரிசைக்கும் வழிவிட்டு, திரும்பத் தன் பாதைக்கு வந்து, கழுத்தில் பல மடங்கு எடை அழுத்த ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டிவியில் இதில் ஒரு நொடிகூட வராது. கேமரா எல்லாம் முன்வரிசையில் இருக்கும்.

நான்கு மணி நேர மழை

அந்த சீஸனில் ஒரு பந்தயத்தை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும் என்றால் அது கனடா, ஜூன் 12. ஃபார்முலா ஒன் வரலாற்றிலேயே நீண்ட நேரம் நீடித்த பந்தயம். 4 மணி 4 நிமிடம். பெருமழையால் நடுவில் நிறுத்திவைத்து, திரும்ப ஆரம்பித்தார்கள். ஜென்சன் பட்டன் கடைசி இடம்வரை போய், கடைசிச் சுற்றில் வெட்டலைப் பிடித்து ஜெயித்தது அன்றுதான்.

மழை என்றால் இன்ஜின் பலமும் இறக்கையின் பலமும் கொஞ்சம் மங்கிப்போகும். டிரைவரின் கையும் காலும் பேசும். அன்று லியுஸி 13-வது. ஹிஸ்பானியா டீம் தன் ஆயுளில் எடுத்த மிகச் சிறந்த இடம் அதுதான். அவருக்கு அடுத்து, 14-வதாகக் கோட்டைத் தாண்டினார் நரேன். ஆனால் (வந்துவிட்டது பாருங்கள் அந்த 'ஆனால்') ஒரு வளைவைக் குறுக்கே வெட்டி ஆதாயம் பெற்றார் என்று 20 விநாடி தண்டனை. பட்டியலில் 17-வது ஆனது.

அடுத்த பந்தயம்தான் வாலென்ஸியா. அந்த 24.

வாலென்ஸியா முடிந்த அதே வாரத்தில் அறிவிப்பு வந்தது. இங்கிலாந்துப் பந்தயத்திலிருந்து நரேனின் சீட்டில் டேனியல் ரிக்கார்டோ உட்காருவார். ஆஸ்திரேலியப் பையன், 22-வது பிறந்த நாள்கூட அந்த வாரம்தான். ரெட் புல் நிறுவனம் வளர்த்துக்கொண்டிருந்த செல்லப்பிள்ளை. அவருக்குப் பழக்கம் வருவதற்கு ஒரு கார் தேவைப்பட்டது. ஹிஸ்பானியாவுக்குப் பணம் தேவைப்பட்டது. நரேன் டீமிலேயே இருப்பார், இந்தியாவில் நடக்கும் பந்தயத்தில் ஓட்டுவார் என்றார்கள்.

அவரும் இருந்தார். கோபித்துக்கொண்டு கிளம்பவில்லை. தன் சீட்டில் இன்னொருவர் ஓட்டுவதை நான்கு மாதம் பக்கத்தில் நின்று பார்ப்பது எப்படி இருந்திருக்கும்? கான்ட்ராக்ட் முடிந்தும் கேட்டுக்கு வெளியே நின்று, 'அடுத்த மாசம் கூப்பிடுவாங்க' என்று காத்திருக்கும் ஆட்கள் நம்ம ஏரியாவில் எத்தனையோ பேர். அவர்களிடம் கேட்டால் தெரியும்.

அக்டோபர் 30

டெல்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் புத்தம்புதிய புத் இன்டர்நேஷனல் சர்க்யூட். ஒரு சுற்று 5.125 கிலோமீட்டர், மொத்தம் 60 சுற்று. இந்தியாவில் நடந்த முதல் ஃபார்முலா ஒன் பந்தயம். அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் அமெரிக்காவில் டான் வெல்டனும், மலேசியாவில் பைக் வீரர் மார்கோ சிமோன்செல்லியும் பந்தயத்திலேயே உயிரிழந்திருந்தார்கள். புறப்படும் முன் எல்லோரும் ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள். அந்த வரிசையில் ஒரே ஓர் இந்திய டிரைவர் நின்றிருந்தார்.

லியுஸியின் இடத்தை அன்று நரேனுக்குக் கொடுத்திருந்தார்கள். இன்னொரு காரில் ரிக்கார்டோ. தகுதிச் சுற்றில் ஷூமாக்கருக்கு இடைஞ்சல் செய்ததாக நரேனுக்குத் தண்டனை. கடைசி வரிசையிலிருந்துதான் புறப்பாடு. நான்கு மாதமாகப் பந்தயம் ஓட்டாதவர், நான்கு மாதமாக அதே காரில் ஊறிய இளைஞரோடு மோத வேண்டும்.

முன்னால் வெட்டல் முதல் சுற்றிலிருந்து கடைசிச் சுற்றுவரை ஒரு முறைகூட முன்னிலையை விடாமல் ஜெயித்தார். அது எல்லா நாளிதழ்களிலும் வந்தது. பின்னால், ரிக்கார்டோ 18-வது. நரேன் 17-வது.

ஒரே டீம், ஒரே வகை கார். அந்தப் பையன் பின்னாளில் எட்டு கிராண்ட் பிரீ பந்தயங்களை ஜெயித்தான். சரியாகச் சொல்ல வேண்டுமென்றால், அந்த சீஸனின் முற்பகுதியில் தகுதிச் சுற்றுகளில் பெரும்பாலும் லியுஸிதான் நரேனைவிட வேகம். அதை மறைக்க வேண்டியதில்லை. இருந்தாலும், என்னைக் கேட்டால் 2005-ன் அந்த 5 புள்ளிகளைவிட இந்த 17-வது இடத்துக்குத்தான் எடை அதிகம்.

வெள்ளரிக்காய் சண்டை

2012-ல் முழு சீஸனுக்கும் ஹிஸ்பானியா நரேனை வைத்துக்கொண்டது. கூட ஓட்டியவர் பெட்ரோ டி லா ரோஸா, 41 வயது ஸ்பெயின்காரர். இரண்டு சீனியர்கள், ஒரு ஜூனியர் டீம்! ஆஸ்திரேலியாவில் மறுபடி அதே 107 சதவிகிதத்தில் இரண்டு கார்களும் வெளியே. மலேசியாவில் மழை. மற்றவர்கள் நடுத்தர மழை டயரில் புறப்பட, ஹிஸ்பானியா பெருமழை டயரோடு புறப்பட்டது. வானம் கொட்டியதும் மற்றவர்கள் டயர் மாற்ற ஓடினார்கள். பந்தயத்தை நிறுத்தியபோது நரேன் எங்கே இருந்தார் தெரியுமா? பத்தாவது இடத்தில்! ஃபார்முலா ஒன்னில் பத்தாவது இடம் என்றால் ஒரு புள்ளி. அந்த டீம் வாழ்நாளில் எடுக்காத புள்ளி.

மறுபடி ஓட ஆரம்பித்ததும் நனவு வந்தது. முதலில் பட்டன் இவர் மீது மோதினார். பிறகு வெட்டல் இவரை முந்தும்போது உரச, வெட்டலின் டயர் கிழிந்து புள்ளிகள் போயின. கோபத்தில் வெட்டல், சாலையில் போகும் முட்டாள்களோடும், ஜெர்மன் வழக்கில் வெள்ளரிக்காயோடும் ஒப்பிட்டுப் பேசினார். உலக சாம்பியன் இப்படிக் குழந்தை மாதிரி அழலாமா என்ற பொருளில் நரேனும் திருப்பிக் கொடுத்தார். நடுவர்கள் நரேனுக்குத் தண்டனை விதித்தார்கள். யார் மீது தப்பு என்று ரசிகர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். வீடியோவைப் பார்த்தால், முந்தி முடிப்பதற்குள் வெட்டல் அவசரப்பட்டுப் பக்கவாட்டில் வந்ததாகத்தான் எனக்குத் தெரிகிறது.

மொனாக்கோவில் 15-வது. அந்த வருடம் டீமின் மிகச் சிறந்த இடம் அது. நவம்பரில் பிரேசில், 18-வது. அதோடு சரி. டீமை விற்கப் பார்த்தார்கள், வாங்க ஆளில்லை. 2013-க்கான பட்டியலில் ஹிஸ்பானியா பெயர் இல்லை. மூன்று சீஸன், பூஜ்யம் புள்ளி.

நரேன் அதோடு ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிடவில்லை. 2014-லிருந்து ஜப்பானின் சூப்பர் ஃபார்முலா. அதுவும் சக்கரங்கள் வெளியே தெரியும் கார்தான், ஃபார்முலா ஒன்னுக்கு அடுத்தபடியான வேகம் கொண்டவற்றில் ஒன்று. அங்கேயும் இம்புல், டான்டிலயன், லே மான், நகாஜிமா என்று டீம் மாறி டீம் மாறி ஐந்து சீஸன். 2019-ல் நகாஜிமா டீமுக்காகக் கூரை போட்ட காருக்கு மாறினார். அந்த வருடம் நவம்பர் 24-ம் தேதி ஃபூஜி டிராக்கில் ஜப்பானின் சூப்பர் ஜிடி கார்களும் ஜெர்மனியின் டிடிஎம் கார்களும் சேர்ந்து ஓடிய சிறப்புப் பந்தயத்தில் முதலாவதாக வந்தார். வயது 42. தமிழ்நாட்டில் அது செய்தியானதே பலருக்குத் தெரியாது.

வாலென்ஸியா சாதனை என்ன ஆனது? பத்திரமாக இருக்கிறது. ஹிஸ்பானியாவும், அதன் சமகாலக் குட்டி டீம்களும் ஒவ்வொன்றாக மூடியபின் ஃபார்முலா ஒன்னில் பல வருடங்கள் 20 கார்கள்தான் ஓடின. கேடிலாக் சேர்ந்து 2026-ல் 22 ஆகிறது. நரேனின் 24-வது இடத்தை யாராவது தொட வேண்டுமென்றால், இன்னொரு புது டீம் பிறந்து, இன்னும் இரண்டு கார்கள் வந்து, அத்தனை கார்களும் ஒன்றுகூட நிற்காமல் ஓடி முடிக்க வேண்டும்.